கரடிப் பொம்மையும் கீங்கன் அம்மையாரும்

நவராத்திரி நாள்களில் நம் காலனி வீடுகளுக்குச் சென்று கொலுவைக் கண்ட அன்பர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பர். மேற்படிகளில் கலசமும் தசாவதாரமும் மரப்பாச்சியும் செட்டியார் தம்பதியும் முறை தவறாமல் வீற்றிருக்கக் கீழ்ப்படியின் ஓரத்தில், வீட்டுக் குழந்தை யாரையும் கேளாமல் கொண்டுவந்து வைத்த கரடிப் பொம்மை ஒன்று காலை நீட்டி அமர்ந்திருக்கும். பாட்டிமார் அதனை எடுத்துவிட எண்ணுவதும், குழந்தையின் முகத்தைக் கண்டு விட்டுவிடுவதும் ஆண்டுதோறும் நிகழ்வனவே.

மரப்பாச்சி நிற்கும், அமர அறியாது. தஞ்சாவூர்ப் பொம்மை தலையை அசைக்கும், கையை நீட்டாது. நன்கு செய்யப்பெற்ற கரடிப் பொம்மையோ அமரும், நிற்கும், கையை உயர்த்தும், கழுத்தைத் திருப்பிக் குழந்தையின் முகத்தைப் பார்க்கும். கழுத்தில் ஒன்று, தோள்களில் இரண்டு, இடுப்பில் இரண்டு என ஐந்து மூட்டுகள் அதன் உடலில் உள்ளமையே இதற்குக் காரணம். மூட்டுள்ள பாவை நம்மவர்க்குப் புதிதன்று. பொம்மலாட்டத்து மரப்பாவையும் தோற்பாவையும் தனித்தனி அங்கங்களைக் கோத்துச் செய்யப்பட்டவையே. ஆயின் அவை கூத்தரின் கைக்கு அடங்கி ஆடுவன. குழந்தையின் மடியில் இருந்து, குழந்தை வைத்த வண்ணம் இருக்கும் மெல்லிய துணிக் கரடிக்கு மூட்டுகள் அமைந்த வரலாறு வேறு. அது ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில், கீங்கன் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. அக்கரடி பிறந்த தொழிற்கூடத்தைத் தோற்றுவித்தவர், தம் கால்களை அசைக்க இயலாத ஒரு பெண்மணி ஆவார். மார்கரேத்தே ஸ்டைஃப் என்னும் அவ்வம்மையாரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

பிறப்பும் பிணியும்

பிரென்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கீங்கன் ஊரில், 1847-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் மார்கரேத்தே பிறந்தார். தந்தையார் பிரீட்ரிக் ஸ்டைஃப் கட்டிடத் தொழிலில் தேர்ந்தவர். மூத்த சகோதரியர் மரீ, பௌலினே என இருவர், இளவல் ஃபிரிட்ஸ். பெண்கள் வீட்டு வேலை கற்று மணம் புரிந்து இல்லறம் நடத்துவதே அவ்வூரின் வழக்கம்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது கடுஞ்சுரம் கண்டது. சுரம் தணிந்தபின் கால்கள் செயலற்றுக் கிடந்தன. வலக்கையும் நோவும் தளர்ச்சியும் உற்றது. இளம்பிள்ளை வாதம் என்று இன்று நாம் அறியும் நோய் அது. அக்காலத்தில் அதற்குத் தடுப்பும் இல்லை, மருந்தும் இல்லை. தடுப்பூசி 1955-ஆம் ஆண்டிலேதான் வந்தது. நம் பாரதம் அந்நோயினின்றும் விடுபட்டதென அறிவிக்கப்பெற்றது 2014-ஆம் ஆண்டில்தான். ஆதலின் அந்நோயின் கொடுமையை நம் மூத்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஒரு தெருவில் ஒருவரேனும் அதனால் கால் இழந்திருந்த காலத்தை அவர்கள் கண்டவர்கள்.

பெற்றோர் சோர்ந்திலர். மகளுக்கு ஒன்பது வயதானபோது, 1856-ஆம் ஆண்டில், லூட்விக்ஸ்பர்க் நகரிலிருந்த மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சைக்கு அனுப்பினர். அடுத்து வில்ட்பாட் என்னும் வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பினர். செலவு மிகுந்தது, பயன் விளையவில்லை. மகள் நடவாமலே ஊர் திரும்பினாள்.

தாயாரின் துயரம் சொல்லுந்தரமன்று. இம்மகளின் எதிர்காலம் யாது, தாம் மறைந்தபின் இவளை யார் காப்பார் என்னும் கவலை அவரை வாட்டியது. இத்தகைய கவலையை நெஞ்சில் சுமக்கும் தாய்மார் எல்லா நாட்டிலும் உளர். நம் காலனியிலும் இலர் என்று சொல்வதற்கில்லை.

பள்ளியும் தையலும்

சிறுமி மார்கரேத்தே இயல்பில் கலகலப்பானவள். தள்ளுவண்டியில் அமர்த்தி உடன்பிறந்தாரும் அண்டை வீட்டுச் சிறுவரும் அவளைப் பள்ளிக்கு இழுத்துச் சென்றனர். பள்ளிக் கட்டிடத்தில் ஒருவர் தூக்கிச் சென்று வகுப்பில் அமர்த்துவார். தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது அவளே விளையாட்டுகளை வகுத்துத் தருவாள். சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்டை அயலார் அவளிடமே ஒப்படைப்பர்.

பின்னர்த் தையற்பள்ளிக்குச் செல்ல விழைந்தாள். வலக்கை தளர்ந்த பெண்ணால் தையல் இயலுமா எனத் தந்தையார் ஐயுற்றார். தொடக்கத்தில் தையல் கோணலாகவே வந்தது. எனினும் விடாது முயன்று, 17-ஆம் வயதில் தையற் பயிற்சியை முடித்தாள். அவ்விளமைப் பருவத்திலேயே அவர் உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்தது. குணமாகும் குணமாகும் எனக் காத்திருக்கும் வரை மனத்திற்கு அமைதி இல்லை. உள்ளவாறு ஏற்று, உள்ள கையால் ஆவதைச் செய்வதே வாழும் வழி என்னும் முடிவுக்கு அவர் வந்தார். அம்முடிவுக்கு வருதல் எளிதன்று. அதன்பின் அவர் மருத்துவரைத் தேடி அலையவில்லை.

சகோதரியர் இருவரும் நடத்திய மகளிர் தையற்கடையில் அவரும் சேர்ந்தார். சிதார் என்னும் நரம்பிசைக் கருவியைப் பயின்று, பிறருக்கும் கற்பித்து ஊதியம் பெற்றார். அது நம் வடநாட்டுச் சிதாரன்று; மடியிலோ மேசையிலோ கிடத்தி மீட்டும் தட்டையான ஜெர்மானியக் கருவி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் ஒரு தையற்பொறி வாங்கப்பட்டது. கீங்கனுக்கு வந்த முதல் தையற்பொறி அதுவே என்பர்.

பொறி வந்தது, ஆயின் ஓர் இடர் எழுந்தது. அதன் சக்கரம் வலப்புறத்தில் இருந்தது. அவருடைய வலக்கையோ சக்கரத்தைச் சுழற்றும் வலிமை அற்றது. அவர் பொறியைத் திருப்பி வைத்தார். சக்கரம் இடப்புறம் வந்தது. இடக்கையால் சுழற்றித் தைத்தார். அவர் வாழ்க்கை முழுவதற்கும் இச்செயல் ஒன்றே போதிய விளக்கம் எனலாம்.

யானை வந்த கதை

1874-ஆம் ஆண்டில் தந்தையார் வீட்டை மாற்றியமைத்து மகளுக்கெனத் தனி வேலையறை ஒன்றை ஒதுக்கினார். 1877-ஆம் ஆண்டில், தம் 30-ஆம் வயதில், அம்மையார் சொந்தமாகக் கடை திறந்தார். கம்பளி இழைகளை நெய்யாமல் அழுத்தித் திரட்டிச் செய்யும் ஃபெல்ட் துணியால் மகளிர் உள்ளாடைகளும் குழந்தை உடைகளும் தைத்து விற்றார். ஃபெல்ட்டை வெட்டினால் ஓரம் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டுவதில்லை. தளர்ந்த கைக்கு அத்துணி நல்ல துணையாயிற்று. வேலை பெருகவே பிற பெண்களையும் பணிக்கு அமர்த்தினார்.

1879-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் உடைநாகரிக இதழில் சிறு யானையின் தையல் மாதிரி ஒன்று வெளிவந்தது. அம்மையார் அதனை ஃபெல்ட்டில் வெட்டி, உள்ளே ஆட்டுக்கம்பளி அடைத்து, குண்டூசி செருகும் சிறு மெத்தையாகச் செய்து உறவினர்க்கும் நண்பர்க்கும் பரிசளித்தார். ஆனால் அந்த யானைகள் ஊசி தாங்கி நிற்கவில்லை. வீட்டுக் குழந்தைகள் அவற்றை எடுத்துச் சென்று விளையாடலாயினர். படுக்கையிலும் உடன் வைத்துக்கொண்டனர். அக்காலத்துப் பொம்மைகள் பெரும்பாலும் மரத்தாலும் தகரத்தாலும் பீங்கானாலும் ஆனவை, கைக்குக் கடியவை. மென்மையான பொம்மையை மழலைகள் எத்துணை நாடுகின்றனர் என்பதை அம்மையார் அவ்வாறு அறிந்தார்.

1880-ஆம் ஆண்டைத் தம் தொழிலின் தோற்ற ஆண்டாக ஸ்டைஃப் நிறுவனம் கொண்டாடுகிறது. தம்பி ஃபிரிட்ஸ் ஒரு மூட்டை யானைகளை அருகிலிருந்த ஹைடன்ஹைம் சந்தைக்குக் கொண்டு சென்று, வெறும் மூட்டையுடன் திரும்பினார் என்பர். 1886-ஆம் ஆண்டில் மட்டும் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட யானைகள் விற்றன. நாய், பூனை, குதிரை, குரங்கு எனப் பல விலங்குகள் தொடர்ந்தன. 1893-ஆம் ஆண்டில் நிறுவனம் பொம்மைத் தொழிற்சாலை எனப் பதிவு பெற்றது. குழந்தைகளுக்கு மிகச் சிறந்ததே தகும் என்பது அம்மையாரின் கொள்கை. புதிய பொம்மை எதுவாயினும் அதன் முதல் மாதிரியைத் தாமே தைத்து, இழுத்து, அழுத்திப் பார்த்த பின்னரே விற்பனைக்கு விடுவார்.

அண்ணன் மகனும் அத்தையும் எனச் சொல்ல அவருக்கு அண்ணன் இல்லை. தம்பி மக்கள் ஆறு பேர் இருந்தனர். மணம் புரியாத அத்தைக்கு அவர்களே மக்கள். அவர்கள் ஒவ்வொருவராகத் தொழிலில் சேர்ந்தனர்.

கரடிக்கு மூட்டு

அவர்களுள் ரிச்சர்ட் என்பவர் ஓவியக் கலை பயின்றவர். 1897-ஆம் ஆண்டில் அத்தையிடம் வேலைக்கு வந்தார். ஸ்டுட்கார்ட் நகரத்து விலங்குக் காட்சிசாலையில் கரடிகளின் எதிரே நின்று அவற்றின் இயக்கங்களை வரைந்து குவித்திருந்தார். கரடி பின்கால்களில் எழுந்து நிற்கும்; மனிதனைப் போல் அமரும்; கையை நீட்டும். அதுவரை வந்த துணிப் பொம்மைகளோ தைத்த நிலையிலேயே நிற்பன. கை கால்களைத் தனித்தனியாகத் தைத்து, அசையுமாறு உடலோடு இணைத்தால் என்ன என்று ரிச்சர்ட் எண்ணினார்.

1902-ஆம் ஆண்டில் அத்தகைய கரடி உருவாயிற்று. அதற்கு 55 பீ.பி. என்று பெயரிட்டனர். எண் அதன் அளவைச் சென்டிமீட்டரில் குறிக்கும். முதலெழுத்து பிளஷ் என்னும் மயிர்த்துணியையும், அடுத்த எழுத்து அசைவுடைமையையும் ஜெர்மன் மொழியில் குறிப்பன. அங்கோரா ஆட்டின் மயிரால் நெய்த மொஹேர்த் துணி அதன் தோலாயிற்று. கை கால்கள் உறுதியான நூற்கயிற்றால் உடலுடன் பிணைக்கப்பட்டன.

அம்மையாருக்கு முதலில் இக்கரடியில் முழு நம்பிக்கை பிறக்கவில்லை என்பர். துணி விலை உயர்ந்தது, பொம்மையோ பெரியது. எனினும் இளைஞரைத் தடுத்திலர். தம் ஐயத்தை விட அவருடைய உழைப்புக்கு மதிப்பளித்தார். 1903-ஆம் ஆண்டு லைப்சிக் வணிகக் கண்காட்சியில் கரடி வைக்கப்பட்டது. பலரும் அதனைப் பொருட்படுத்தாது செல்ல, இறுதியில் அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகளுக்கு ஆணை கொடுத்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு நிகழ்ச்சி நடந்திருந்தது. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குச் சென்றபோது, கட்டி வைக்கப்பட்ட கரடியைச் சுட மறுத்தார். அதனைக் கிளிஃபர்ட் பெர்ரிமன் என்பார் கேலிச்சித்திரமாக வரைந்தார். சித்திரத்தைக் கண்ட புரூக்ளின் கடைக்காரர் மோரிஸ் மிக்டமும் அவர் மனைவியார் ரோஸும் துணிக்கரடி ஒன்றைச் செய்து, தலைவரின் செல்லப் பெயரான டெடி என்பதை அதற்குச் சூட்டினர். இரு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாமல், ஏறக்குறைய ஒரே காலத்தில் கரடி பிறந்தது. பெயர் அமெரிக்காவினது, அசையும் அங்கத்தின் புகழ் கீங்கனுக்கு உரியது.

ஆயினும் மூட்டு உடனே செம்மையுறவில்லை. கயிறு நாளடைவில் தளர்ந்தது, கை தொங்கியது. 1904-ஆம் ஆண்டில் உடலினூடே இரும்புக் கம்பி செலுத்திப் பார்த்தனர். கம்பி உறுதி தந்தது. ஆயின் மென்மை குன்றியது. 1905-ஆம் ஆண்டில் வட்டத் தட்டு மூட்டு வந்தது. அன்று தொட்டு இன்றுவரை கையால் கரடி செய்வோர் பெரும்பாலும் பின்பற்றுவது அம்முறையே.

அதன் அமைப்பு மிக எளிது. தோளின் உட்புறத்தில், கையின் துணிக்குள் ஓர் அட்டை வட்டம். அதற்கு நேரே உடலின் உட்புறத்தில் மற்றோர் அட்டை வட்டம். இரண்டின் நடுவிலும் துணிகளின் ஊடாக, பட்டறைகளில் காட்டர் பின் என வழங்கும் இரட்டைக்கால் ஊசி செல்லும். தலைப்பக்கமும் முனைப்பக்கமும் வாஷர் இடுவர். உடலினுள் வந்த இரு முனைகளையும் குறடால் பிரித்துத் தனித்தனியே சுருட்டி இறுக்குவர். துணி இரண்டும் தட்டுகளின் இடையே நெருங்கி உராய்வதால் கை திரும்பும்; திரும்பிய இடத்தில் நிற்கும்.

நம் காலனிச் சகோதரியருள் தையற்கலை வல்லோர் பலர் உளர். அவர்கள் முயன்று பார்க்கச் சில குறிப்புகள் கூறுவோம். இரு கைகளும் கண்ணாடியில் தெரியும் எதிருருப் போல, ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் வெட்டப்பட வேண்டும்; மறந்தால் இரண்டும் ஒரே பக்கத்துக் கைகளாகிவிடும். மூட்டின் இடத்தைத் துணியின் மறுபுறத்தில் முன்னரே குறித்துக்கொள்க. துளையைக் கத்தரியால் வெட்டாது, கூரிய ஊசியால் இழைகளை விலக்கி அமைக்க வேண்டும். வெட்டிய துளை நாளடைவில் கிழியும். தட்டைப் பொருத்திய பின் கை கால்களை அடைத்துத் தைத்து, உடலோடு இணைத்து, உடலை இறுதியில் அடைக்க. மூட்டு முதலில் சற்று இறுக்கமாகவே இருக்கட்டும். பழகப் பழகத் தளரும். மூன்று வயதுக்கு உட்பட்ட மழலைக்குச் செய்யும்போது உலோக ஊசியையும் பொத்தான் கண்களையும் தவிர்த்து, கண்களை நூலால் தைத்துவிடுக.

பெருமையும் மறைவும்

1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயி உலகக் கண்காட்சியில் நிறுவனத்திற்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. போலிகள் பெருகவே, அவ்வாண்டில் ரிச்சர்டின் உடன்பிறந்த ஃபிரான்ஸ் பொம்மையின் காதில் உலோகப் பொத்தான் ஒன்றைப் பதிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். இன்றும் அப்பொத்தானே அதன் அடையாளம். 1907-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9,74,000 கரடிகள் உருவாயின. தொழிற்கூடத்தில் 400 பேரும், தத்தம் இல்லங்களில் இருந்தவாறே 1,800 பேரும் உழைத்தனர். வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாப் பெண்டிர் பலர்க்கு, தாமும் அந்நிலையை அறிந்த ஒருவர் ஊதியம் அளித்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

1903-ஆம் ஆண்டில் எஃகும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய தொழிற்கூடம் இன்றும் நிற்கின்றது. தைப்போர் கண்ணுக்குப் பகலொளி நிறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். சக்கர நாற்காலி செல்லுதற்கு ஏற்பச் சாய்தளம் அமைத்த இல்லத்தில் அம்மையார் வாழ்ந்தார். படிகளை ஏற இயலாத ஒருவருக்காகக் கட்டிடக்காரர் குடும்பம் படிகளையே மாற்றியது.

1909-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், 61-ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் அம்மையார் மறைந்தார். ரிச்சர்ட் பின்னாளில் அமெரிக்கா சென்று, 1939-ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். முதன்முதற் செய்த 55 பீ.பி. கரடிகளில் ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. அவற்றின் வழித்தோன்றல்கள் உலகெங்கும் குழந்தைகளின் அருகில் உறங்குகின்றன. கீங்கன் ஊரின் உயர்நிலைப் பள்ளி அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நாம் கொள்ளத்தக்கது

அம்மையாரே கரடிக்கு மூட்டு அமைத்தார் எனச் சிலர் எழுதுவர். அது பிழை, அமைத்தவர் ரிச்சர்ட். நடவாத அத்தை, தம் குறையை எண்ணிப் பொம்மைக்குக் கால் அளித்தார் என்று கதை புனைந்தால் கேட்க இனிக்கும். உண்மை அதனினும் பெரிது. தமக்கு நம்பிக்கை வாராத ஒன்றையும் இளையோர் முயன்று பார்க்க இடம் கொடுத்தார். அவர் ஊன்றிய தொழிலும் கொள்கையும் இன்றி அக்கரடி பிறந்திராது.

ஊர் விட்டு ஊர் வந்து, ஹிஞ்சேவாடியில் மொழியும் வேலையும் புதியனவாக வாழ்க்கையை அமைத்துக்கொண்ட நமக்கு, பொறியைத் திருப்பி வைத்துத் தைத்த அம்மையாரின் செயல் நன்கு விளங்கும். வந்த இடத்தில் சக்கரம் வலப்புறம் இருப்பின், நாம் நம் இருக்கையை மாற்றிக்கொள்கின்றோம். ஆயினும் மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவரை வண்டியில் இழுத்துச் சென்ற பிள்ளைகள் இருந்தனர். வகுப்புக்குத் தூக்கிச் சென்றவர் இருந்தார். அறை ஒதுக்கிய தந்தை இருந்தார். சாய்தளம் அமைத்த வீடு இருந்தது. மன உறுதி அவருடையது. வழி அவ்வூராரும் சேர்ந்து அமைத்தது.

ஆண்டு விழா மேடைக்கு நம் குழந்தைகள் துள்ளி ஏறுவதைக் கண்டு களிக்கும் நாம், ஏற இயலாத ஒரு குழந்தையோ முதியவரோ நம்மிடையே இருப்பின், அவர் வரும் வழி யாது என்று ஒரு கணம் நோக்குவோமாக. படி இருக்கும் இடத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாலும் போதும். அடுத்த நவராத்திரியில் கொலுவின் கீழ்ப்படியில் அமர்ந்திருக்கும் கரடியைக் காணும்போது, அதனை எடுத்துவிடாமல், கீங்கன் அம்மையாரின் வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அவ்விருக்கைக்கு அது உரியதே.